ஒரே தொட்டியில் நியூட்டும் மீனும்

என் அம்மா அந்தத் தொட்டியை முதன்முதலில் வீடியோ காலில் பார்த்தபோது கேட்டது ஒரே கேள்விதான். "ஏண்டா, பல்லியையா தண்ணிக்குள்ள போட்டு வளக்குற?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நான்கு கால், நீள வால், விரல் நீளத்தில் உடம்பு. முதல் பார்வைக்குப் பல்லியேதான். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்ந்த யாருக்கும் நியூட் பழக்கமில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் அந்த இனமே கிடையாது. இந்தியாவில் இதன் உறவுக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கமோ வடகிழக்கு மலைகளுக்கோ போக வேண்டும். அங்குள்ள இமாலய நியூட் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, பிடித்து வந்து வளர்க்க முடியாது. அதனால்தானோ என்னவோ, தமிழில் இதற்கென்று வாயில் புழங்குகிற ஒரு சொல் இல்லை. நியூட் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் இருப்பது இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு செல்லப்பிராணிக் கடையில் இரண்டு சீன நெருப்பு வயிறு நியூட்களை வாங்கினேன். முதுகெல்லாம் கறுப்பு. வயிறு மட்டும் பளீரென்று குங்குமச் சிவப்பு, அதில் அங்கங்கே கரிப்பொட்டு. "வீட்டில் கப்பி மீன் தொட்டி இருக்கிறதா? அதிலேயே விடுங்கள், சண்டை போடாது" என்றார்கள். விட்டேன்.

மூன்றாவது வாரம் ஒன்றைக் காணவில்லை. கல், செடி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாயிற்று. நான்கு நாள் கழித்துப் புத்தக அலமாரிக்குப் பின்னால், கத்தரி வற்றல் மாதிரி சுருண்டு கிடந்தது. இன்னொன்று தொட்டியில்தான் இருந்தது, ஆனால் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரியும் அளவுக்கு இளைத்துவிட்டது. கப்பிகளோ கொழுகொழுவென்று இருந்தன. யாரும் யாரையும் துரத்தவில்லை, கடிக்கவும் இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிற எல்லோரும் கேட்பது "சண்டை போடுமா" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கடையில் அதற்குத்தான் பதில் சொன்னார்கள், அந்தப் பதில் பொய்யும் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த இரண்டு பிராணிக்கும் ஒரே தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா?

தோலால் குடிக்கிற பிராணி

நியூட் பல்லிக்குச் சொந்தமில்லை, தவளைக்குத்தான் பங்காளி. நீரிலும் நிலத்திலும் வாழ்கிற இருவாழ்விகளில், வாலை உதிர்க்காமல் கடைசிவரை வைத்துக்கொள்கிற கிளையைச் சேர்ந்தது. சாலமண்டர்களில் ஒரு பிரிவு என்றும் சொல்லலாம். பல்லிக்குச் செதில் உண்டு, காய்ந்த தோல் உண்டு. நியூட்டின் தோலில் செதிலே இல்லை. மெல்லியதாக, எப்போதும் ஈரமாக, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்து இருக்கும்.

இந்தத் தோலைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. நியூட் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அதன் உடம்புக்கு வேண்டிய நீர் தோல் வழியாகவே உள்ளே போகிறது. வளர்ந்த நியூட்டுக்கு நுரையீரல் உண்டு, அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். ஆனாலும் அதன் மூச்சில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான். அதாவது தொட்டித் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது நேராக நியூட்டின் உடம்புக்குள் போகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் குளோரின். மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியா என்றால் அமோனியா. மீனுக்கென்று ஊற்றிய மருந்து என்றால் அந்த மருந்தும்தான்.

மீன் மட்டும் என்ன, அதுவும் அந்தத் தண்ணீரில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். சரிதான், மீனின் செவுளும் மெல்லியதுதான். ஆனால் மீனுக்கு மற்ற உடம்பெல்லாம் செதிலும் வழுவழுப்பான பூச்சும் போட்டு மூடியிருக்கிறது. நியூட்டுக்கு உடம்பு முழுவதுமே செவுள் மாதிரி திறந்து கிடக்கிறது.

இது எங்கே இடிக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் வெள்ளைப்புள்ளி நோய். மீன் வளர்க்கிறவர்கள் வீட்டில் ஒருமுறையாவது வந்து போகிற விருந்தாளி அது. மீனின் மேல் உப்புத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். வழக்கமான வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: ஹீட்டரைக் கூட்டி 30 டிகிரிக்குக் கொண்டுபோவது, கல்லுப்புப் போடுவது, அதற்கும் அடங்காவிட்டால் மாலகைட் பச்சை, ஃபார்மலின், செப்பு கலந்த மருந்துகள். இப்போது அதே தொட்டியில் ஒரு நியூட் இருப்பதாக வைத்துப் பாருங்கள். 30 டிகிரி சூட்டில் அது தாங்காது. உப்பு அதன் தோலை உறுத்தி உடம்பு நீரை இழுக்கும். செப்பும் ஃபார்மலினும் தோல் வழியே உள்ளே போகும். மீனைக் காப்பாற்றுகிற ஒவ்வொரு கையும் நியூட்டின் கழுத்தில்தான் விழுகிறது. மருந்து போட்டால் ஒருவர், போடாவிட்டால் இன்னொருவர். அந்த நேரத்தில் கையில் ஒரு தனி வாளியும் தனித் தண்ணீரும் தயாராக இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

25 டிகிரியும் 18 டிகிரியும்

மீன் கடைகளில் நாம் பார்க்கிற பெரும்பாலான மீன்கள் வெப்ப நாட்டுக்காரர்கள். கப்பி, மோலி, நியான் டெட்ரா, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் 24 முதல் 28 டிகிரி வரை கேட்பவை. கடைகளில் பொதுவாகக் கிடைக்கிற நியூட்களோ குளிர்ந்த ஓடையோரத்திலும் குட்டையிலும் வயல்களிலும் வாழ்பவை. அவற்றுக்குச் சுகமான தண்ணீர் 15 முதல் 20 டிகிரி. ஒருநாள் அரைநாள் 23 தொட்டால் சமாளித்துக்கொள்ளும். நாள்கணக்கில் 25-இல் வைத்தால் சாப்பாட்டை விடும், தோலில் பூஞ்சை பிடிக்கும், தண்ணீரை விட்டு வெளியே ஏறப் பார்க்கும்.

என் நியூட் கண்ணாடியில் ஏறியதை நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். ஈர வயிறு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, ஒரு காலை எடுத்து வைத்து, நின்று, அடுத்த காலை வைத்து, மெதுவாக மேலே போகும். என் மகள் கைதட்டுவாள். உண்மையில் அது சூடான தண்ணீரிலிருந்து தப்பிக்கப் பார்த்திருக்கிறது. ஹீட்டரின் வயர் போவதற்காக மூடியில் இருந்த ஓட்டை இரண்டு விரல் அகலம். நியூட் வெளியேற அதில் பாதி போதும்.

சூடு கூடினால் இன்னொன்றும் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் காற்றைக் குறைவாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். 15 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 25 டிகிரியில் அது 8 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதே சமயம் சூட்டில் உடம்பு வேகமாக ஓடுவதால் பிராணிக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அமோனியாவின் நச்சும் சூட்டில் ஏறும். மூன்றும் ஒரே திசையில் தள்ளுகின்றன.

நடுவில் 22 டிகிரியில் வைத்தால் இருவருக்கும் பொதுவாக இருக்காதா என்று பலரும் கேட்பதுண்டு. கப்பிக்கு அது குளிர், நியூட்டுக்கு அது சூடு. இரண்டுமே சாகாது, இரண்டுமே நன்றாகவும் இருக்காது. உடம்பு தளர்ந்த பிராணியை நோய் சுலபமாகப் பிடிக்கும், பிடித்தபின் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

இதைச் சென்னையிலோ மதுரையிலோ இருந்து படிக்கிறவர்களுக்கு: மே மாதத்தில் உங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள், 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆச்சரியம். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் இயந்திரம் இல்லாமல் அங்கே நியூட் வளர்ப்பது நடக்காது. மீன் வளர்க்க உங்கள் ஊர் சொர்க்கம், அதை அனுபவியுங்கள்.

பந்திக்குப் பிந்துகிறவர்

பந்திக்கு முந்து என்பது நம்மவர் வாக்கு. நியூட்டுக்கு அது தெரியாது.

இரத்தப்புழு என்று உறைய வைத்து விற்பார்களே, சிவப்பாக, நூல் நூலாக, அதில் ஒரு கட்டியைத் தொட்டியில் போடுங்கள். கப்பிகள் அது கரைவதற்குள் மொய்த்துவிடும். நியூட் அப்போதுதான் ஏதோ வாசனை வருகிறதே என்று தலையைத் தூக்கும். இரண்டு அடி நடக்கும். நிற்கும். எதிரில் ஒரு புழு கிடந்தாலும் உடனே பாயாது. மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைக் கொஞ்சம் சாய்த்து, என்னவோ கணக்குப் போடுவது போல அசையாமல் பார்க்கும். பிறகு ஒரே நொடி, லபக்கென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அந்தக் கணக்குப் போடுகிற நேரத்தில்தான் கப்பி வந்து புழுவைத் தூக்கிக்கொண்டு போகிறது. நான் அதைத் தினமும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நியூட் பட்டினி கிடக்கிறது என்பது இடுப்பெலும்பு தெரிந்த பிறகுதான் உறைத்தது.

மீனோடு வைத்திருப்பவர்கள் நியூட்டுக்குத் தனியாக ஊட்ட வேண்டும். நீளமான இடுக்கியில் சிறு மண்புழுத் துண்டைப் பிடித்து அதன் மூக்குக்கு முன்னால் மெல்ல ஆட்டினால் வாங்கிக்கொள்ளும். மண்புழுவை மிஞ்சிய தீனி நியூட்டுக்கு இல்லை. மருந்து அடிக்காத தோட்டத்து மண்ணிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு, மீன்கள் அடங்கியபின் ஊட்டுவது இன்னும் சுலபம். வாரத்துக்கு மூன்று தடவை போதும். மீனுக்குப் போடுகிற செதில் தீனியை நியூட் சட்டை செய்யாது, அது அடியில் தங்கி அழுகித் தண்ணீரைக் கெடுப்பதுதான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வாய்க்குள் நுழைகிற எதுவும் நியூட்டுக்குச் சாப்பாடுதான். கப்பிக் குஞ்சுகள், இரவில் செடிக்குள் அசையாமல் நிற்கிற சின்ன நியான், இவையெல்லாம் காலையில் எண்ணிக்கையில் குறையும். நீரிலேயே இருக்கிற ஸ்பானிய விலா நியூட் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, அதன் முன்னால் நடுத்தர மீன்கூட நிம்மதியாக இருக்க முடியாது. ஆபத்தான இரை ஒன்றும் இருக்கிறது: கோரிடோராஸ் என்கிற சின்னக் கெளுத்தி. அதை விழுங்கப் போனால், பக்கத் துடுப்பிலுள்ள முள்ளை விறைத்து நிமிர்த்திக்கொள்ளும். தொண்டையில் மாட்டினால் இரண்டு பேருக்குமே முடிவு.

அப்புறம் விஷம். நெருப்பு வயிறு நியூட்களின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த பேத்தை மீனில் இருப்பதும் அதே நஞ்சுதான். நரம்பில் செய்தி ஓடுகிற வழியையே அடைத்துவிடும். இந்த நஞ்சு மிக அதிகமாக இருப்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சொரசொரத் தோல் நியூட்டிடம். 1979-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓர் இளைஞர் அப்படி ஒன்றை விழுங்கி இறந்தே போனார். கடையில் கிடைக்கிற சீன, ஜப்பானிய வகைகளில் அந்த அளவு இல்லை. தொட்டாலே ஆபத்து என்று பயப்படத் தேவையில்லை, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். மீனைப் பொறுத்தவரை, நியூட்டைக் கடித்துப் பார்க்கிற மீன் பெரும்பாலும் உடனே துப்பிவிடும். பெரிய கோல்டுஃபிஷ் முழுதாக விழுங்கினால்தான் வம்பு. நியூட் முதுகை வளைத்துச் சிவப்பு வயிற்றைக் காட்டினால் "என்னைத் தின்னாதே" என்று அர்த்தம். அதைப் படிக்கத் தெரியாத மீன்களோடு அதை அடைத்து வைப்பது நாம்தானே.

வற்றுகிற குளத்துக்குப் பழகியவர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் தொட்டியை விட்டு வெளியே போகலாம். இங்கிலாந்தில் மூன்று வகை நியூட் இயற்கையாகவே உண்டு. அதில் பெரியது கொண்டை நியூட். கலியாண காலத்தில் ஆணின் முதுகில் ரம்பப்பல் போல ஒரு கொண்டை முளைக்கும். சட்டப் பாதுகாப்பு பலமாக இருப்பதால், புது வீடு கட்டுகிறவர்கள் முதல் சாலை போடுகிறவர்கள் வரை இதன் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். ஒரு குளம் இந்த நியூட்டுக்கு ஏற்றதா என்று பார்க்க இங்கே ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான முறை. பத்து அம்சங்கள்: நிழல், நீரின் தரம், வாத்து, சுற்றியுள்ள குளங்கள் இப்படி. அதில் ஒன்று மீன்.

மீனே இல்லாத குளத்துக்கு அந்த அம்சத்தில் முழுசாக 1. மீன் நிறைய இருந்தால் 0.01. பூஜ்யம் போடக் கூச்சப்பட்டுப் போட்ட மாதிரி ஒரு எண். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு அம்சம். ஒருநாளும் வற்றாத குளத்துக்கு 0.9 தருகிறார்கள், பத்து வருடத்தில் ஓரிரு தடவை வற்றுகிற குளத்துக்கு 1. வற்றுகிற குளம்தான் உசத்தி! காரணம் யோசித்தால் புரியும். குளம் வற்றினால் மீன் சாகும். கோடைக்குள் தரைக்கு ஏறிவிட்ட நியூட் கல்லுக்கடியில் பத்திரமாக இருக்கும், அடுத்த பருவத்தில் மீன் இல்லாத குளத்துக்குத் திரும்பி வரும். சித்திரையில் வெடித்துக் கிடக்கிற கண்மாயைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதை நல்ல செய்தியாக நினைக்கிற ஒரு ஜீவன் இருப்பது வேடிக்கைதான்.

மீன் அப்படி என்ன செய்துவிடுகிறது? முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. பெண் நியூட் முட்டைகளைத் தவளை மாதிரி கொத்தாக இடுவதில்லை. ஒவ்வொன்றாக இட்டு, பின்னங்கால்களால் ஒரு இலையை மடித்து, வெற்றிலை மடிப்பது போல ஒவ்வொரு முட்டையையும் உள்ளே வைத்து ஒட்டிவிடுகிறது. ஒரு பருவத்தில் இருநூறு முந்நூறு முட்டை இப்படி. அதிலிருந்து வருகிற குஞ்சுக்குக் கழுத்தின் இருபுறமும் இறகு போல வெளிச்செவுள் விரிந்திருக்கும். கொண்டை நியூட்டின் குஞ்சுக்கு ஒரு கெட்ட பழக்கம், செடிக்குள் ஒளியாமல் நடுத்தண்ணீரில் நீந்தும். மீன் உள்ள குளத்தில் அது மிஞ்சுவதில்லை.

எல்லா இடத்திலும் இப்படியே என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் நெருப்பு வயிறு நியூட்டும் மெடாகா என்ற சின்ன மீனும் ஒரே நெல்வயல் தண்ணீரில் வாழ்கின்றன. 1994 ஜூலையில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் அந்த இரண்டு இனமும் சேர்ந்தே விண்வெளிக்குப் போய்வந்தன. உடன் போனவர் ஜப்பானின் முதல் பெண் விண்வெளி வீரர் சியாகி முகாய். அங்கே மெடாகா ஜோடி சேர்ந்து முட்டையிட்டது, நியூட்டும் முட்டையிட்டது. ஆனால் நெல்வயல் என்பது ஏக்கர்கணக்கு. பிடிக்காவிட்டால் வரப்பில் ஏறி அடுத்த வயலுக்குப் போய்விடலாம். இரண்டடித் தொட்டியில் வரப்பு ஏது?

அப்படியும் ஆசைப்பட்டால்

பலர் சேர்த்து வளர்க்கிறார்கள், சிலருக்குப் பல வருடம் நன்றாகவே போகிறது. அவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. தொட்டியை நியூட்டுக்காக அமைக்கிறார்கள், அதற்குள் எந்த மீன் விருந்தாளியாக இருக்கும் என்று பிறகு பார்க்கிறார்கள். நான் மீன் தொட்டியில் நியூட்டைக் கொண்டுபோய் விட்டேன், தலைகீழ்.

நியூட்டின் தொட்டியில் ஹீட்டர் கிடையாது. இங்கே வீட்டுக்குள் 18, 19 டிகிரி தானாகவே நிற்கும். வெயில் காலத்தில் ஒரு வாரம் சூடு ஏறும்போது சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப்பரப்பின் மேல் ஓட விடுகிறேன். தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஃபில்டரும் மென்மையாக இருக்க வேண்டும். நியூட் தேங்கிய நீரில் வாழ்வது, வேகமான நீரோட்டத்தில் எதிர்த்து நீந்தியே களைத்துவிடும். ஏர் பம்பில் ஓடுகிற பஞ்சு ஃபில்டர் போதும், விலையும் குறைவு. ஜாவா பாசியும் எலோடியா என்ற நீர்ச்செடியும் அடர்த்தியாக வேண்டும். மேலே ஏறி உட்கார ஒரு மிதக்கும் தக்கைப் பட்டை. மூடி மட்டும் ஓட்டையில்லாமல். வயர் போகிற இடுக்கையும் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இதில் எனக்கு அனுபவம் உண்டு.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு மூன்று நியூட்டுக்கு மட்டும் என்றால் இரண்டடித் தொட்டி, அதாவது 54 லிட்டர் சொச்சம், போதும். மீனையும் சேர்ப்பதானால் மூன்றடிக்குக் குறையாமல், 150 லிட்டருக்கு மேல் வையுங்கள். தண்ணீர் கூடினால் கழிவு நீர்த்துப் போகும், பிடிக்காதவர் ஒதுங்க இடமும் கிடைக்கும். தொட்டியை நிறைத்தவுடன் பிராணியை விடுவதும் தவறு. அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுத்து, டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியபின் நியூட். நியூட் சாப்பிட்டு நிலைகொள்ள இன்னும் சில மாதம். அதன்பிறகுதான் மீன்.

எந்த மீன்? என்னைக் கேட்டால் ஒயிட் கிளவுட் மின்னோ. சீனாவின் குவாங்சோ நகரத்துப் பக்கம் உள்ள வெள்ளை மேக மலையின் ஓடைகளில் கண்டெடுத்தது, பெயரும் அதனால்தான். கண்டுபிடித்தவர் டான் என்ற சாரணர் தலைவர். 1932-இல் அறிவியல் பெயர் வைத்தபோது 'டானின் மீன்' என்று பொருள்படும்படி டானிக்தைஸ் என்றே வைத்துவிட்டார்கள். சாரணப் படையைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனவர் பெயர் உலகத்து மீன் கடைகளிலெல்லாம் நீந்துகிறது. சொந்த மலையில் இன்று அது காண்பதே அரிது, கடைக்கு வருவதெல்லாம் பண்ணையில் பொரித்தவை. நான்கு சென்டிமீட்டர் நீளம், 15 முதல் 22 டிகிரியில் சுகமாக இருக்கும், சுறுசுறுப்பாக மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்தும், நியூட்டைச் சீண்டாது. பத்துப் பன்னிரண்டு விட்டால் வருடத்தில் ஒன்றிரண்டு குறையலாம். எங்கே போயின என்று கேட்க வேண்டாம். மெடாகாவும் இதே வரிசைதான்.

வேண்டாதவர்கள் பட்டியல் நீளம். கோல்டுஃபிஷ் குளிர்ந்த நீரில் வாழ்வதால் ஏற்றது போலத் தோன்றும், ஆனால் அது போடுகிற கழிவுக்கு அளவே இல்லை, நியூட்டின் விரலையும் கொறித்துப் பார்க்கும். டைகர் பார்ப் ஆடுகிற எதையும் கடிக்கிற ஜாதி. சிக்லிட் எதையும் விடாது. கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் பிளெக்கோவும் அதன் சொந்தக்காரர்களும் இரவில் நியூட்டின் முதுகில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சுகின்றன. நத்தையும் செர்ரி இறாலும் போதும் என்றால் அதைவிட நிம்மதி இல்லை. இறால் கொஞ்சம் உணவாகும், கொஞ்சம் பெருகும், கணக்கு சரியாகிவிடும்.

மீன் கடித்த விரல் திரும்ப வளராதா என்று என் மகள் கேட்டாள். வளரும். நியூட்டின் கால், வால், ஏன் கண்ணின் லென்ஸ்கூட மறுபடி முளைக்கும். ஜப்பானிய நியூட்களின் லென்ஸை 16 வருடத்தில் 18 தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகவே முளைத்தது. 2011-இல் அந்த ஆய்வு வெளியானபோது அந்த நியூட்களுக்கு வயது முப்பதுக்கு மேல். வளரும்தான், ஆனால் அழுக்குத் தண்ணீரில் அந்தப் புண் வழியாகப் பூஞ்சை முந்திக்கொள்ளும். முப்பது வயது என்பதையும் கவனியுங்கள். கப்பிக்கு இரண்டு மூன்று வருடம், நியூட்டுக்கு இருபதுக்கு மேல். கடையில் நிற்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றாது.

கடைசியாக ஒரு விஷயம், இது தொட்டியைத் தாண்டியது. ஆசியாவிலிருந்து செல்லப்பிராணி வணிகம் வழியாகப் போன ஒரு தோல் பூஞ்சை, நெதர்லாந்தில் நெருப்புச் சாலமண்டர்களைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்துவிட்டது. 2013-இல்தான் அதை அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். பெயரின் பொருளே 'சாலமண்டரைத் தின்பது'. ஆசிய நெருப்பு வயிறு நியூட் அதைச் சுமந்தபடி நோயின்றியே இருக்கக்கூடும். இதனால் அமெரிக்கா 2016-இலும் கனடா 2017-இலும் சாலமண்டர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. அதனால் காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள், வீட்டில் பொரித்து வளர்த்தவரிடம் வாங்குங்கள். புதிதாக வருகிற நியூட்டையும் மீனையும் ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீரைத் தோட்டத்துக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள், வலையும் வாளியும் தொட்டிக்குத் தனித்தனியாக இருக்கட்டும்.

மிஞ்சிய என் நியூட் இப்போது ஹீட்டர் இல்லாத தொட்டியில் தனியாக இருக்கிறது. இடுப்பெலும்பு தெரிவதில்லை, போன வாரம் தோலுரித்துத் தானே தின்றது. கப்பிகள் அறையின் அந்தப் பக்கம் 25 டிகிரியில். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் மாற்றுவேன், முதலில் நியூட்டுக்கு. அம்மா போன் செய்தால் இன்றும் முதலில் கேட்பது, "பல்லி சாப்பிட்டுச்சா?"